கையெழுத்துப் போட மட்டும் ஒரு சேரா?



ஏ.எல். முடிவு வந்துவிட்டால் எங்கள் ஊரில் பெனர் கட்டாத சந்தி இருக்காது. பாடசாலைச் சுவரில் ஒன்று, பள்ளிவாசல் சந்தியில் ஒன்று, அரசியல்வாதியின் பெரிய படமும் பிள்ளைகளின் சின்னப் படமுமாக இன்னொன்று. அப்படி ஒரு பெனரில் இரண்டாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, கெம்பஸ் போய் நான்காவது கிழமை, தலையணையும் பையுமாக விடியக்காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். அதற்கு யாரும் பெனர் கட்டவில்லை.

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதமாட்டோம். கேட்டு இன்பொக்ஸ் வரவும் வேண்டாம். பிள்ளையின் பெயர் இன்னும் அங்கே பதிவில் இருக்கிறது, திரும்பிப் போக வேண்டியவன்.

சிங்கள சீனியர்மார் ஏதோ செய்துவிட்டார்கள் என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். அப்படி நினைப்பது நமக்குச் சுகமாகவும் இருக்கிறது. பிள்ளையின் வாப்பா ஆசிரியர் ஓய்வறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன கதை வேறு. நடந்தது நம்முடைய முஸ்லிம் மாணவர் சங்கம் ஒன்றின் "அறிமுக இரவில்". இஷா தொழுகை முடிந்து தொடங்கியது, சுபஹு பாங்கு வரை போயிருக்கிறது. புதிய பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்தி, எந்த ஜமாஅத், எந்த மௌலவியின் பயான் கேட்கிறாய், வாப்பாவுக்கு என்ன தொழில் என்று விசாரணை. ஃபோனை வாங்கி வட்ஸ்அப்பைச் சபையில் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். இவனுடைய முறை வந்தபோது வாப்பாவின் மீன் வியாபாரத்தை வைத்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடுத்த மூன்று கிழமையும் கன்டீனில், லெக்சர் ஹோலில், விடுதிக் குழாயடியில் தொடர்ந்திருக்கிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் தர்பிய்யா.

"அடிச்சிருந்தா பொலிசுக்குப் போயிருப்பன் சேர். இதுக்கு எங்க போற? நம்மட புள்ளைகள்தானே" என்றார் அந்த வாப்பா. அவர் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எங்கள் மேசையில் கிடந்த சோக்குப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

அந்தச் சங்கத்துக்குச் சிரேஷ்ட பொருளாளராக ஒரு விரிவுரையாளர் இருக்கிறார். நல்ல மனிதர், தொழுகையாளி, படிப்பில் கெட்டிக்காரர். அவருக்குக் கோல் எடுத்தோம். மறைக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "மண்டபம் கேட்டுக் கடிதம் கொண்டுவந்தார்கள், கையெழுத்துப் போட்டேன். இரவு நிகழ்ச்சி என்று அதில் இருந்தது, இப்படி என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "எனக்கு இந்தப் பொறுப்பைத் தந்து ஆறு வருடம். என்ன செய்ய வேண்டும் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை."

இந்தப் பதிவு அந்த மனிதரைத் தாக்குவதற்கு இல்லை. அவர் கடைசியாகச் சொன்ன அந்த வசனத்துக்காகத்தான் எழுதுகிறோம்.

கெம்பஸ் வாசல் மிதிக்காத பெற்றோருக்காக ஒரு விளக்கம். பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் சங்கம் நடப்பதென்றால், அது மஜ்லிஸாக இருந்தாலும் தமிழ்ச் சங்கமாக இருந்தாலும் விவாதக் கழகமாக இருந்தாலும், விரிவுரையாளர் ஒருவர் சிரேஷ்ட பொருளாளராக இருக்க வேண்டும். சில இடங்களில் ஆலோசகர், சில இடங்களில் காப்பாளர் என்பார்கள். வங்கிக் கணக்கில் அவருடைய கையெழுத்து, மண்டபக் கடிதத்தில் அவருடைய கையெழுத்து, சுற்றுலா போகும் பஸ்ஸுக்கான அனுமதியில் அவருடைய கையெழுத்து. வருடம் முடியும்போது ஒரு குரூப் ஃபோட்டோ, நடுக் கதிரை. நூற்றுக்கணக்கான இளம் பிள்ளைகளின் இரவும் பகலும் காசும் மானமும் அந்தக் கையெழுத்துக்குக் கீழேதான் நடக்கிறது. அந்த ஆளுக்கு எத்தனை மணித்தியாலப் பயிற்சி? எங்களுக்குத் தெரிந்த, நாங்கள் விசாரித்த எந்த விரிவுரையாளரும் ஒரு மணித்தியாலம் கூடப் பெற்றதாகச் சொல்லவில்லை. கிடைத்தது ஒரு கடிதம் மட்டும். சிலருக்கு அதுவும் இல்லை, முந்தியவர் பிஎச்டிக்கு வெளிநாடு போகும்போது கொரிடோரில் வைத்து "நீங்க கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது எங்கள் பக்கம் வாருங்கள். பாடசாலையில் சாரணர் குழு நடத்த விரும்பும் ஆசிரியர் முதலில் பயிற்சிக்குப் போக வேண்டும். வூட் பேட்ஜ் என்ற பயிற்சி 1919இல் இங்கிலாந்தில் கில்வெல் பூங்காவில் தொடங்கியது, இன்றுவரை உலகம் முழுக்க அதே வழக்கம். பாசறையில் தானே கூடாரம் அடித்து, தானே சமைத்து, பாடம் எழுதி முடித்தால்தான் கழுத்தில் அந்த இரண்டு மரமணிகளும் விழும். கடேட் பொறுப்பாசிரியர் ரந்தம்பே முகாமுக்குப் போய் வெயிலில் நின்றுவிட்டு வருகிறார். எங்களுடைய ஆசிரியத் தொழிலே அப்படித்தான். அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி முடித்துத்தான் எங்களில் பலர் வகுப்புக்குள் காலடி வைத்தோம். இருபது சின்னப் பிள்ளைகளை ஒரு இரவு கூடாரத்தில் வைத்திருக்க இவ்வளவு பயிற்சி. வீட்டை விட்டு முதல் தடவை வெளியே வந்த நூற்றுக்கணக்கான பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கையெழுத்து.

"விரிவுரையாளருக்கு எதற்குப் பயிற்சி, கலாநிதிப் பட்டம் இருக்கிறதே" என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். பல்கலைக்கழகங்களே அப்படி நினைப்பதில்லை. புதிதாகச் சேரும் தகுதிகாண் விரிவுரையாளர் பதவியில் உறுதிப்படுத்தப்படுவதற்குக் கற்பித்தல் பற்றிய ஒரு பயிற்சிநெறியை முடிக்க வேண்டும். அதை நடத்துவதற்கென்றே பதவியணி அபிவிருத்தி நிலையம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதாவது பாடம் தெரிந்தவருக்குப் பாடம் நடத்தவும் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நம்பவில்லை. சரிதான். ஆனால் பாடம் நடத்தத் தெரிந்தவருக்கு ஒரு மாணவர் சங்கத்தை வழிநடத்தவும் தானாகத் தெரிந்திருக்கும் என்று எப்படி நம்புகிறார்கள்? கட்டடம் இருக்கிறது, பயிற்றுவிப்பவர்கள் இருக்கிறார்கள், சான்றிதழ் அடிக்கும் பிரிண்டர் கூட இருக்கிறது. இந்தத் தலைப்பு மட்டும் முறையான பாடமாக இல்லை.

அப்படி என்ன படிப்பதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள்.

முதலில் சட்டம். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரப்பிரகாஷ் என்ற பொறியியல் பீடத் தமிழ் மாணவன் பகிடிவதையால் உயிரிழந்தான். அடுத்த வருடம் வந்ததுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். அந்தச் சட்டத்தில் பகிடிவதை என்பது அடி மட்டும் இல்லை. மாணவர் ஒருவருக்கு உடல் காயமோ உளக் காயமோ, மன வேதனையோ பயமோ உண்டாக்குகிற, உண்டாக்கக்கூடிய செயல் எல்லாம் அதற்குள் வரும். இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ என்றால் பத்து வருடம் வரை. அந்த அறிமுக இரவு இந்த விளக்கத்துக்குள் வருமா வராதா? பிள்ளையின் வாப்பா "அடிச்சிருந்தா பொலிசுக்குப் போயிருப்பன்" என்றார், பாவம், அவருக்குச் சட்டம் தெரியாது. சிரேஷ்ட பொருளாளருக்கும் தெரியாது என்பதுதான் வெட்கம். சட்டம் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் நிற்கவில்லையே. 2020 மார்ச்சில் ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் படிக்கட்டில் உருட்டிவிட்ட டயர் ஒரு முதலாம் வருட மாணவனின் தலையை உடைத்தது. 2025 ஏப்ரலில் சப்ரகமுவப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டான், பகிடிவதைக் குற்றச்சாட்டில் மாணவர்கள் கைதானார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு கிழமை பத்திரிகையில் எழுதுகிறோம். பிறகு அடுத்த பெனர்.

சுற்றுலாவும் அப்படித்தான். 2019 ஜனவரியில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவர்கள் எட்டுப் பேர், ஹொரவப்பொத்தானை கிரலாகலவில் பழைய தூபி மீது ஏறி எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் போட்டதற்காகக் கைதானது ஞாபகம் இருக்கிறதா? மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டு நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. பிள்ளைகள் தீய எண்ணத்தில் ஏறியிருப்பார்கள் என்று நாங்கள் ஒருநாளும் நினைக்கவில்லை. ஆனால் வழியில் காணும் செங்கல் மேடு தொல்பொருள் சின்னமாக இருக்கலாம், அதில் கால் வைத்தால் சட்டம் பாயும், அதைவிட ஒரு சமூகத்தின் மனம் புண்படும் என்று பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பத்து நிமிடம் யாருடைய வேலை என்று இந்த நாட்டில் எங்கும் எழுதப்படவில்லை. கடலுக்கும் அருவிக்கும் போகிற பிள்ளைகள் விஷயத்தில் இதைப் பற்றிச் சொல்லவே பயமாக இருக்கிறது.

பிறகு காசு. மஜ்லிஸ் மலருக்கு விளம்பரம் என்று நம் கடைக்காரர்களிடம் வருகிறார்கள், நாமும் கொடுக்கிறோம். நோன்பு காலத்தில் சஹர் சாப்பாட்டுக்கு என்று வெளிநாட்டிலிருந்து கூட அனுப்புகிறார்கள். எத்தனை சங்கத்துக்கு இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கிறது? பழைய நிர்வாகம் புதிய நிர்வாகத்துக்குக் கணக்கை எழுத்தில் கையளிக்கிறதா? இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் இலட்சக்கணக்கான ரூபாவைக் கொடுத்துவிட்டு, கணக்குக் காட்டப் பழக்காமல் விட்டுவிட்டு, பிறகு "அவன் கள்ளன்" என்பது எந்த நியாயம்? பொருளாளர் என்று பெயர் வைத்திருக்கிறோம், அந்த ஒரு விஷயமாவது சொல்லிக் கொடுக்கப்பட வேண்டாமா.

கடைசியில் மனம். ஒரு பிள்ளை கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்டால், சாப்பிடாமல் இருந்தால், பேச்சில் மரணம் வந்தால் என்ன கேட்பது, என்ன சொல்லக்கூடாது, யாரிடம் அனுப்புவது? 1926 என்று தேசிய மனநல உதவி இலக்கம் ஒன்று இருக்கிறது. எத்தனை சிரேஷ்ட பொருளாளர்களின் ஃபோனில் அது இருக்கும்? "ஓதிப் பார்" என்று மட்டும் சொல்லி அனுப்பியவர்களை நாங்கள் அறிவோம். ஓதட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? மருந்தும் சுன்னத்துத்தான்.

அமெரிக்காவில் மாணவர் விவகாரம் என்பது ஒரு தனித் தொழில். அதற்கென்று முதுமாணிப் பட்டம் இருக்கிறது. அந்தத் துறையினரின் சங்கம் ஒன்று தொடங்கியது 1919இல், வூட் பேட்ஜ் தொடங்கிய அதே வருடம். அங்கே கிளெரி சட்டம் என்று ஒன்று 1990 முதல் இருக்கிறது. அதன்படி மாணவர் சங்கமொன்றின் ஆலோசகர் குற்றம் ஒன்றைக் கேள்விப்பட்டால், "எனக்கு எப்படித் தெரியும்" என்று இருந்துவிட முடியாது, பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்க வேண்டும். 2024 டிசம்பரில் அதோடு பகிடிவதையையும் சேர்த்து இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கேயும் பிள்ளைகள் சாகத்தான் செய்கிறார்கள், அந்த நாட்டைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆலோசகர் என்றால் யார், அவர் எதற்குப் பொறுப்பு என்று அங்கே ஒரு தாளில் எழுதியிருக்கிறது.

இதற்கு ஒரு பதில் வரும் என்று தெரியும். "உளவு பார்க்கவா பயிற்சி கேட்கிறீர்கள்? ஏற்கெனவே முஸ்லிம் மாணவர்களை எல்லோரும் கண்காணிக்கிறார்கள்." இந்தப் பயம் நியாயமானது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நம் பிள்ளைகள் பையைத் திறந்து காட்டிக் காட்டிக் களைத்தவர்கள். முகம் மூடத் தடை வந்தபோது எத்தனை பெண் பிள்ளைகள் படிப்பா உடுப்பா என்று அழுதார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆலோசகரைப் புலனாய்வுக்காரனாக்கும் பயிற்சி என்றால் அதை முதலில் எதிர்ப்பது நாங்கள்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல ஆலோசகர் எவ்வளவு தேவைப்பட்டார்! நிர்வாகத்திடம் போய், "இது தொழுகை அறை, இது அரபு மொழி அகராதி, இவர்கள் என் மாணவர்கள்" என்று சட்டம் தெரிந்து, பயப்படாமல், சிங்களத்தில் பேசக்கூடிய ஒருவர். பயிற்சி இல்லாத ஆலோசகர் அந்த நேரத்தில் செய்யக்கூடியது என்ன? ஃபோனை ஓஃப் செய்வதுதான். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கே பயம்.

மொறட்டுவை, ருகுணு, ஊவா வெல்லஸ்ஸ மாதிரி இடங்களில் ஒரு பீடத்தில் முஸ்லிம் விரிவுரையாளர் ஓரிருவர்தான் இருப்பார்கள். இருந்தால் முடிந்தது கதை. அவர் முஸ்லிம், ஆகவே அவர்தான் சிரேஷ்ட பொருளாளர். தொழுகை அறைத் திறப்பு அவரிடம், ஜும்ஆ நேரத்தில் பரீட்சை வைத்தால் அவரிடம், ஹலால் சாப்பாடு, தப்லீக் பிள்ளைக்கும் தௌஹீத் பிள்ளைக்கும் தகராறு, விடுதியில் நோன்பு திறக்க இடம், எல்லாம் அவரிடம். ஆராய்ச்சி எழுத நேரம் இல்லை. பதவி உயர்வுப் புள்ளியில் இதற்கு ஆராய்ச்சிக் கட்டுரையின் எடை கிடைக்காது, ஒரு வரி சேரும். தகுதி பார்த்தா அவரைத் தெரிந்தோம்? பெயர் பார்த்துத் தெரிந்தோம். நமக்கு வைத்தியர் தேவைப்பட்டால் முஸ்லிம் என்பதற்காக மட்டும் கணக்கு வாத்தியாரிடம் போவோமா?

நம்மைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகம், ஊர் நலன்புரிச் சங்கம், வெளிநாட்டு ஊரவர் அமைப்பு, பழைய மாணவர் சங்கம், எல்லோருமாகச் சேர்ந்து மஜ்லிஸ் இஃப்தாருக்குக் காசு கொடுக்கிறோம். போய்ப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறோம். அன்றைக்கு ஒருவராவது "உங்கள் சிரேஷ்ட பொருளாளர் யார் தம்பி, அவரோடு இரண்டு நிமிடம் பேச முடியுமா" என்று கேட்டதுண்டா? நாங்களும் கேட்டதில்லை. பிள்ளையின் இஸட் ஸ்கோரைத் தசம தானம் நான்கு வரை மனப்பாடம் வைத்திருந்த நாங்கள், அவன் போய்ச் சேரும் சங்கத்துக்கு யார் பொறுப்பு என்று விசாரிக்கவில்லை. பொறுப்பு அமானிதம் என்று ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இதைத் தொடங்கட்டும். யுத்தத்தில் படிப்பு இழந்த பிள்ளைகளுக்காக 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமானது அது. மர்ஹூம் அஷ்ரப் அவர்கள் பெற்றுத் தந்த சொத்து. நமக்கு அதன் மீது உரிமை உண்டு, அதனால்தான் அங்கே கேட்கிறோம். புதிய பெட்ச் வருவதற்கு முன்பு இரண்டு நாள், சங்கங்களுக்குப் பொறுப்பான எல்லா விரிவுரையாளருக்கும். முஸ்லிம், தமிழ், சிங்களம் என்று பார்க்காமல் எல்லோருக்கும். 1998 சட்டத்தை ஒரு சட்டத்தரணி சொல்லட்டும், கணக்கைப் பல்கலைக்கழக நிதியாளர் பகுதி சொல்லட்டும், மனதைப் பற்றி உளநல வைத்தியர் ஒருவர் சொல்லட்டும். பயிற்சி முடிக்காதவரின் கையெழுத்துக்கு மண்டபம் கொடுக்க வேண்டாம். ஒருவருக்கு இரண்டு சங்கத்துக்கு மேல் வேண்டாம். இந்த வேலைக்குப் பதவி உயர்வில் சரியான புள்ளி கொடுங்கள், இல்லாவிட்டால் எந்த நல்ல மனிதரும் இரண்டாம் வருடம் நிற்கமாட்டார். இதற்குப் பெரிய காசு தேவையில்லை. ஒரு மாநாட்டுக்குப் பூமாலையும் நினைவுச் சின்னமும் வாங்கும் காசு போதும்.

ஊருக்குள் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இனி எந்த மாணவர் சங்கம் நன்கொடை கேட்டு வந்தாலும் கடிதத்தில் சிரேஷ்ட பொருளாளரின் கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது, அவரோடு ஃபோனில் பேசிவிட்டுக் கொடுங்கள். போன வருடக் கணக்கைக் கேளுங்கள். இரவு நிகழ்ச்சி இருந்தால் அவர் அங்கே இருப்பாரா என்று கேளுங்கள். பிள்ளைகள் கோபப்படமாட்டார்கள். கோபப்படுகிறவனுக்குக் கொடுக்காதீர்கள்.

அந்தச் சேர் போன கிழமை எங்களுக்குத் தானாகவே கோல் எடுத்தார். நிர்வாகப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார், அறிமுக நிகழ்ச்சியைப் பகலுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார், மீன் விஷயத்தைத் தொடங்கிய பையனை மட்டும் தனியாக இருத்திக் கேட்டிருக்கிறார். "சரியாகச் செய்தேனா என்று தெரியவில்லை" என்றார். எங்களுக்கும் தெரியவில்லை என்றுதான் சொன்னோம்.

கடிதம் தயார். உபவேந்தருக்கும் பதவியணி அபிவிருத்தி நிலையத்துக்குமாக இரண்டு பிரதி. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாசிகசாலையில் இருப்போம். வாப்பாமார் மட்டும் வந்தால் போதாது, உம்மாமாரும் வந்து கையெழுத்து வையுங்கள். அந்தப் பிள்ளையின் வாப்பா முதல் ஆளாக வைத்துவிட்டார். பிள்ளை ஞாயிறு இரவு பஸ்ஸுக்குப் போகிறான்.